அடி தெரியாத ஆற்றில் இறங்காதே

பத்து வயதுப் பையனையும் ஆறு வயதுப் பையனையும் பெரியவர் துணையின்றிக் குதிரையில் ஏற்றி, சுமார் 2,000 மைல் தூரம் அனுப்பிவைத்த ஒரு தகப்பனாரைப் பற்றி எழுதப் போகிறேன். "இவனும் ஒரு தகப்பனா!" என்று நம் மாமிகள் கோபித்துக்கொள்ளக் கூடும். முழுவதும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா பகுதியைச் சேர்ந்தவர் ஜாக் அபர்னாதி. ஓநாயை வெறும் கையால் உயிரோடு பிடிப்பவர் என்று பெயர் பெற்றவர். 1905-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவரோடு ஓநாய் வேட்டைக்குப் போய், அதை நேரிலேயே கண்டு வியந்தார். அடுத்த ஆண்டு இவரை மார்ஷல் என்ற மத்திய அரசுப் பதவியில் நியமித்தார். 1907-இல் அபர்னாதியின் மனைவி காலமானார். இவருடைய பிள்ளைகள் லூயியும் டெம்பிளும் பண்ணையில் குதிரையோடு குதிரையாக வளர்ந்தவர்கள்.

1909 கோடையில், லூயிக்கு 9 வயது, டெம்பிளுக்கு 5 வயது. இருவரும் நியூ மெக்சிகோவில் உள்ள சாண்டா ஃபே நகருக்குத் தனியாகப் போய் வந்தார்கள். போக வர ஆயிரம் மைலுக்கு மேல். அடுத்த ஏப்ரலில் நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் ரூஸ்வெல்ட்டை வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வழியில் டெம்பிளின் குதிரை நோய்ப்பட்டது. மாற்றுக் குதிரை வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். வாஷிங்டனில் அப்போதைய ஜனாதிபதி டாஃப்ட்டைச் சந்தித்தார்கள். 1910 ஜூன் 18 அன்று நியூயார்க்கில் நடந்த வரவேற்பு ஊர்வலத்தில், குதிரை மேல் அமர்ந்து கலந்துகொண்டார்கள். ஊர் திரும்ப ஒரு சிறிய மோட்டார் காரை வாங்கித் தாங்களே ஓட்டி வந்தார்கள்!

இவ்வளவும் சாகசக் கதை. என் கவனத்தைக் கவர்ந்தது தகப்பனார் விதித்த நிபந்தனைகள்தான். ஒரு நாளில் 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. அடி தெரியாத ஆற்றில் இறங்கக் கூடாது. இறங்கியே ஆக வேண்டுமென்றால் வழி தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். கையில் 5 டாலருக்கு மேல் பணம் வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பயணம் கிடையாது.

நான் அடிப்படையில் விஞ்ஞானப் பட்டதாரி. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க விதிகளோடு குடும்பம் நடத்தியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இவை மிக நல்ல விதிகள். "ஜாக்கிரதையாகப் போய் வா" என்று நாம் சொல்கிறோமே, அதைக் குழந்தை எப்படிச் சரிபார்க்கும்? எது ஜாக்கிரதை, எது இல்லை என்று அதற்கு அளவுகோல் ஏது? ஆனால் "அடி தெரிகிறதா?" என்ற கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். தகப்பனார் நூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் அந்த விதி ஆற்றங்கரையில் நின்று வேலை செய்யும். 50 மைல் என்ற வரம்பு குதிரையின் களைப்புக்கு. 5 டாலர், திருடனுக்கு ஆசை வராமல் இருக்க. ஞாயிறு, உடம்பு ஓய்வுக்கும் ஆகும்.

"பெரியவர் ஒருவர் கூடப் போனால் போதுமே" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அதே காலத்து இன்னொரு சம்பவத்தையும் பார்ப்போம். 1912 ஆகஸ்ட் 4. லண்டனின் வால்வொர்த் பகுதிச் சாரணச் சிறுவர்கள், தங்கள் தலைவர்களோடு, முகாமுக்காகப் படகில் சென்றார்கள். லேஸ்டவுன் கடற்கரைக்கு அருகே திடீரென்று சூறைக்காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. பெரியவர்கள் உடன் இருந்தும் 9 சிறுவர்கள் மாண்டார்கள். அந்தத் தலைவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. துணை இருப்பது வேறு, காற்றும் தண்ணீரும் எந்த நிலையில் இருந்தால் போகலாம் என்ற வரையறை இருப்பது வேறு என்பதே நான் சொல்ல வருவது.

அபர்னாதியும் எல்லா விதத்திலும் நமக்கு முன்மாதிரி அல்லர். 1911-இல் அதே பிள்ளைகள் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை குதிரையில் போனார்கள். 60 நாளில் முடித்தால் 10,000 டாலர் பரிசு. 62 நாள் ஆயிற்று, பரிசு போயிற்று. நாள் கணக்கும் பணமும் நடுவில் வந்தபின், 'இன்று போதும்' என்று நிற்கிற சுதந்திரம் குழந்தைக்கு ஏது? மேலும் 1910-இல் சாலைகளில் மோட்டார் வண்டிகள் மிகக் குறைவு. இன்று அந்த வயதில் அப்படி அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை மட்டுமே.

புனேயில் இருக்கும் என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. போன மழைக்காலத்தில் மூன்று நண்பர்களோடு சிங்ககட் கோட்டைக்கு நடந்து ஏற வேண்டும் என்றான். அவன் அம்மா, "அப்பா, நீங்களே சொல்லுங்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நிபந்தனைகளை அவனையே எழுதித் தரச் சொன்னேன். நால்வரும் பிரியக் கூடாது. பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்ப வேண்டும். ஓடை நீர் கலங்கி வந்தால் தாண்டக் கூடாது. மேகம் இறங்கிப் பாதை மறைந்தால் அங்கிருந்தே இறங்கிவிட வேண்டும். நான்காவது நிபந்தனை அன்றே வேலை செய்தது. பாதி மலையிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். பையனுக்கு முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கோ, உச்சிக்குப் போய் வந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

நம் கையில் இப்போது செல்போன் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் "எங்கே இருக்கே?" என்று கேட்கிறோம். இடம் தெரிகிறது, அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது தெரிவதில்லை. அதைப் பார்க்கக் குழந்தையின் கண்தான் பழக வேண்டும். வரும் கோடை விடுமுறையில் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து, நான்கே நான்கு நிபந்தனைகளை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எதற்காக என்று அவர்களே விளக்க வேண்டும். சரியாக விளக்கினால், போன வருஷத்தைவிடக் கொஞ்சம் தூரம் கூடுதலாக அனுப்பலாம்.