நோயாளர் பணி: கண்டி இராச்சியம் முதல் ஊவாத் தோட்டங்கள் வரை

நோயுற்றவரைச் சென்று பார்ப்பது தம்மையே வந்து பார்ப்பதாகும் என்பது இயேசுவின் போதனை. இதனாலேயே கிறிஸ்தவ மரபில் நோயாளர் பராமரிப்பு, செபத்தோடும் நோன்போடும் ஒப்பவைத்து எண்ணப்படும் ஆன்மிகப் பயிற்சியாயிற்று. ஆறாம் நூற்றாண்டிலே புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கு, நோயாளர் பணியை ஏனைய பணிகள் அனைத்துக்கும் முன்வைத்தது. இம்மரபு நமது மலைநாட்டில் வெளிப்பட்ட வரலாறு நோக்கற்பாலது.

லுணுகலையை உள்ளடக்கிய ஊவாப் பிரதேசம் 1815ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதியாக விளங்கியது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடை செய்திருந்த வேளையில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். வந்த தொடக்கத்திலேயே கடும் வயிற்றோட்டத்தால் வருந்திய அவர், நோயின் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்தவர். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளரை உறவினரும் கைவிட்டனர். அப்போது அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேவ் கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேறுபாடு பாராது ஆற்றப்பட்ட இப்பணியினால், பௌத்தப் பற்றுமிக்க மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பு அவர்களுக்கு உறுதியாயிற்று.

அந்நாளில் வைசூரிக்கு மருந்து இருக்கவில்லை. ஜென்னரின் தடுப்புமுறை தோன்றியதே 1796இல்தான். ஆகவே அவர்களாற் கொடுக்க முடிந்தவை கஞ்சியும் தண்ணீரும் அருகிருப்புமே. குணப்படுத்த இயலாதவிடத்தும் பராமரித்தல் கடன் என்பதே இங்குப் புலப்படும் உண்மையாகும்.

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் ஊவா மலைகளிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர், மன்னாரிலிருந்து மலைநாடு நோக்கிய நடைவழியிலேயே கொலராவுக்கும் பசிக்கும் இரையாயினர். பதுளைக்குப் புகையிரதம் வந்ததோ 1924இல்தான். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கு முதன்முதலாக ஒழுங்கான ஏற்பாடு செய்ய முற்பட்டது. எனினும் அதன் பின்னணியில் உழைக்கும் கைகள் குறைந்துவிடுமே என்ற கவலையும் இருந்தது. தோட்ட மருந்துச்சாலைகள் நீண்டகாலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தமையால், நோயாளி எனக் கொள்ளப்படுவதற்கும் நிருவாகத்தின் ஏற்பு வேண்டியிருந்தது.

இவ்விரு வரலாறுகளையும் எதிரெதிரே நிறுத்தி, கருணை உயர்ந்தது, சட்டம் தாழ்ந்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது. கருணையை எவரும் உரிமையாகக் கேட்டுப் பெறமுடியாது. அடிகளார் போன்றோர் வராத ஊரில் நோயாளி என்ன செய்வான்? சட்டமோ மருந்துச்சாலையைக் கட்டவல்லது. அங்குக் கிடப்பவனை மனிதனாக மதிக்கும் மனத்தைக் கட்டவல்லதன்று. கூலிக்கணக்கில் மட்டும் உடலை எண்ணிய காலத்தை அறிந்த மலையக மக்களுக்கு இவ்விரண்டும் வேண்டியவை.

அடிகளார் 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். அவர் எதிர்த்துநின்ற வைசூரி உலகிலிருந்து ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்தது, நோயாளியைக் கைவிடலாகாது என்ற கடன் ஒழியவில்லை.