வருவாய்க் கணக்கில் வந்த அரபுச் சொற்கள்

ஆங்கிலத்தில் வழங்கும் கிரேக்கச் சொற்களுள் பல, இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் அதனை அடைந்தவை. தமிழில் வழங்கும் அரபுச் சொற்களுள் ஒரு பகுதியும் இவ்வாறே பாரசீகத்தின் வழியாக வந்ததாகும்.

விழுப்புரம் மாவட்டத்துக் காணை வட்டார உழவர், நிலவரி பற்றிப் பேசுங்கால் கிஸ்தி, வசூல், பாக்கி, ரத்து என்பவற்றை இயல்பாகவே ஆளக் காண்கிறோம். இவையனைத்தும் அரபு மூலமுடையவை. கிஸ்தி தவணையையும், வசூல் வந்து சேர்தலையும், பாக்கி எஞ்சியதையும் குறிப்பனவாம். பசலி என்பது பருவம் எனப் பொருள்படும் ‘ஃபஸ்ல்’ என்பதன் வழிவந்தது. தாசில்தார் என்பதிலோ, திரட்டுதலைக் குறிக்கும் ‘தஹ்ஸீல்’ என்னும் அரபுச் சொல்லோடு ‘தார்’ என்னும் பாரசீக விகுதி இணைந்துள்ளது.

அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையை 1698இல் முகலாயப் படை கைப்பற்றியது. பின்னர் இப்பகுதி ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குட்பட்டது. அவ்வாட்சிகளின் அலுவல் மொழி பாரசீகமே. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஆங்கிலக் கும்பெனியாரும் இச்சொற்களைக் கைவிட்டாரல்லர்.

இவற்றை மதத்தின் வழி நுழைந்த சொற்களென எண்ணுவோர் உளர். ஆயின் தமிழ் முஸ்லிம்கள் ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றுமே வழங்கி வருகின்றனர். மார்க்கத்தின் தூண்களுக்கே தமிழ்ப் பெயரிட்ட மக்கள், வரிக்கணக்கிற்கு அரபுப் பெயர் தேடியிருப்பரோ? இச்சொற்களை ஊர்தோறும் பரப்பியது கச்சேரியே, பள்ளிவாசல் அன்று.