பாய்ந்ததா, ஏற்றதா, பிடித்ததா?

பாலக்காட்டின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் தமிழ் நாளிதழும் மலையாள நாளிதழும் ஒரே மேசையில் கிடக்கும். ஒரே சாவுச் செய்தியைத் தமிழ் இதழ் ‘மின்சாரம் பாய்ந்து’ என்றோ ‘தாக்கி’ என்றோ எழுத, மலையாள இதழ் ‘ஷோக்கேற்று’ என்கிறது. சொல்லில் நாட்டமுள்ளவருக்கு அங்கே தேநீர் ஆறிப்போகும்.

முதலில் ‘மின்சாரம்’ என்ற பெயரைப் பிரிப்போம். மின் என்றால் ஒளிர்தல். மின்னலும் மின்மினியும் அதன் மக்கள், நீண்டு ‘மீன்’ ஆகி வானத்தில் விண்மீனாய் நிற்பதும் அதுவே. ஒட்டியிருக்கும் ‘சாரம்’ வடசொல். சத்து என்றும் செல்லுதல் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. மலையாளத்தார் ஆளும் ‘வைத்யுதி’க்கு மூலமான வித்யுத்தும் ஒளிர்வதே. கிரேக்கரோ தேய்த்தால் துரும்பை இழுக்கும் அம்பரை எலெக்ட்ரான் என்றார்கள். 1600இல் வில்லியம் கில்பர்ட் அதிலிருந்து இலத்தீன் சொல் ஒன்றை ஆக்கினார். நம் பக்கம், மூணாறுக்கருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது. ஆனால் இத்தனை பெயரிருந்தும் இடுக்கித் தோட்டத் தொழிலாளர் லயங்களின் நாவில் நிலைத்தது என்னவோ ‘கரண்ட்’தான்.

பெயர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு அகப்படுவதையும் சொல்லி நின்றுவிட, உடலுக்குள் நடப்பதைச் சொல்ல வினைகளே வரவேண்டியிருக்கிறது. ‘பாய்’ என்னும் வினை புலிக்கும் ஆகும், வாய்க்கால் நீருக்கும் ஆகும். மின்சாரமும் தோலைத் தொடும்போது புலியாகவும் உள்ளே புகுந்தபின் நீராகவும் நடந்துகொள்கிறது. காய்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடுக்கும். நனைந்தால் அது ஆயிரம் அளவுக்குச் சரியும். உள்ளே இருப்பது உப்புநீர். சோடியம், குளோரைடு அயனிகளே மின்னைச் சுமக்கின்றன. கையில் நுழைந்து காலில் இறங்கும் வழியில் நெஞ்சு இருக்கிறது, இடர் அங்கேதான்.

மலையாள ‘ஷோக்கேற்று’வில் வரும் ‘ஏற்று’ என்பது நம் ‘ஏல்’ வினையின் எச்சம். நாம் இன்று ‘ற்ற’வை ட்ர-வாக உருட்ட, மலையாளி நுனிநா மேற்பல் ஈற்றை ஒற்றும் பழைய ஒலியை இன்னும் காத்து வைத்திருக்கிறான். இவ்வினையில் உடல் வெறும் இலக்கன்று, வாங்கிக்கொள்ளும் பாத்திரம். கடத்தி என்று அறிவியல் சொல்வதற்கு இது நெருக்கம்.

எனினும் என் மனம் கவர்ந்தவை பேச்சுவழக்கின் இரண்டு: ‘கரண்ட் அடிச்சிருச்சு’, ‘கரண்ட் புடிச்சிருச்சு’. அடிப்பது விலக்கித் தள்ளும், பிடிப்பது விடாது. நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது சுற்று திசைமாறி மாறித் தசையை முறுக்கிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ பத்து மில்லிஆம்பியரைத் தாண்டினாலே விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை வென்றுவிட, கை கம்பியைத் தானே பற்றிக்கொள்கிறது. இந்த நுட்பம் அறிந்தா நம்மவர் ‘பிடி’ என்றார்கள்? பட்டுத் தெரிந்து சொன்னார்கள், அவ்வளவே.

காட்டோர வயல்களில் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. முறையாக அமைத்த சூரிய மின்வேலி நொடிக்கொரு முறையளவில் கணத்துடிப்பாக அடித்து ஓயும்; இடையில் தசை இளகும், யானை பின்வாங்கும். வீட்டு இணைப்பிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த கம்பியை பாலக்காட்டுப் பக்கத்தார் ‘பன்னிக்கெணி’ என்பார்கள். கெணி என்றால் பொறி. பன்றிக்கு வைத்ததில் ஆளும் அகப்படுகிறான், காரணம் அது அடிப்பதில்லை, பிடிக்கிறது.