கரஸ்ஸில் படித்த கம்ப்யூட்டர்

1993 ஆடி மாதத்தில் ஒரு நாள், தபால்காரர் சணல் கயிறு கட்டிய பழுப்புக் காகிதப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே பி.ஜி.டி.சி.ஏ. என்ற முதுநிலைக் கம்ப்யூட்டர் பட்டயப் படிப்பின் பாடப் புத்தகங்கள். கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் ரெகுலர் காலேஜ் அண்ணனுக்கு, எனக்குக் கரஸ், அதாவது அஞ்சல் வழிக் கல்வி. பி.காம். முடித்ததும் அப்படித்தான்.

இப்போது அந்த அண்ணனின் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அத்தை, கம்ப்யூட்டர் சயின்ஸை ஆன்லைன்ல படிக்கட்டுமா, காலேஜ்ல சேரட்டுமா?" என்று கேட்கிறாள். அவளுக்கு இது புதுக் கேள்வி. எனக்கு முப்பது வருடப் பழைய கேள்வி.

இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் அந்த வழிக்கு வந்தன. பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட குமாஸ்தாக்கள், எம்.ஏ. போட்டுக்கொள்ள விரும்பிய பள்ளி ஆசிரியர்கள், கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோன பெண்கள் என்று கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். வரலாறும் வணிகவியலும் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துத் தேறக்கூடியவை. சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கியபின் விளக்கடியில் உட்கார்ந்தால் போதும்.

கம்ப்யூட்டர் அப்படி மசியவில்லை. புரோகிராமைப் புத்தகத்தில் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அது ஓடாமல் நிற்கும்போது, எந்த வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிற்று என்று தேடுவதுதான் படிப்பு. அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

அந்தக் குறையில்தான் கம்ப்யூட்டர் சென்டர்கள் பிழைத்தன. என்.ஐ.ஐ.டி. 1981-இலும் ஆப்டெக் 1986-இலும் தொடங்கியவை. தொண்ணூறுகளில் அவற்றைப் பார்த்து ஊருக்கு ஊர் சின்னச் சின்ன சென்டர்கள் முளைத்தன. நான் போனது பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு ஜவுளிக்கடை மாடியில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் நுழையலாம். மூன்று மெஷின், மெஷினுக்கு இரண்டு பேர். 5¼ அங்குல ஃப்ளாப்பியைக் குழந்தையைப் போலக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். டிபேஸ், லோட்டஸ், பிறகு சி. சி-க்குப் பாலகுருசாமியின் புத்தகம். அவர் பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கரண்ட் போனால் அன்றைய ஒரு மணி நேரம் போனதுதான், காசு திரும்பாது.

கரஸ் மாணவர்களுக்காகத் திருச்சியில் நடந்த பத்து நாள் பி.சி.பி. என்ற நேரடி வகுப்பில்தான் எனக்குக் கண் திறந்தது. மன்னார்குடியிலிருந்து வந்த வங்கி ஊழியர் ஒருவர், பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் மாறியின் மதிப்பை எழுதிக்கொண்டே போய்த் தப்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதம் புத்தகம் சொல்லாததை அவர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

படிப்பு முடிந்தும் தொல்லை முடியவில்லை. நான் எழுதிய செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் பட்டியலில் 'ஆப்சென்ட்' என்று வந்தது. மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. லீவு போட்டு நேரில் போய், ஹால் டிக்கெட்டில் கண்காணிப்பாளர் போட்ட கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.

தபாலுக்குப் பதில் வேறு வாகனங்கள் வந்துகொண்டே இருந்தன. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடங்கள் தூர்தர்ஷனில் ஓடின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து என்.பி.டி.இ.எல்.லைத் தொடங்கின, வகுப்பறைப் பாடம் காணொளியாக வீட்டுக்கே வந்தது.

வாகனத்தை மட்டும் பார்த்து ஏறியவர்கள் கவிழ்ந்ததும் உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் இல்லாமல் பொறியியலைத் தொலைநிலையில் நடத்தின. 2017 நவம்பர் 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித்தேர்வு எழுதித் தேறினால்தான் மீளும். 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பத்து, பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள் மறுபடி பரீட்சைக்கு உட்கார வேண்டியதாயிற்று.

2020-இல் சென்னை ஐ.ஐ.டி. அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கிறேன். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு தேறினால் சேரலாம். பாடமெல்லாம் வீட்டில், முக்கியத் தேர்வுகள் மட்டும் மையங்களுக்கு நேரில் போய். அந்த ஒரு ஏற்பாட்டில்தான் அந்தப் பட்டத்தின் மதிப்பு நிற்கிறது என்பது, மே மாத வெயிலில் பள்ளிக்கூடத்துக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து தேர்வெழுதிய எனக்குத் தெரியும். முறையான அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று மானியக் குழுவும் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இது. பாடம் தபாலில் வருகிறதா, போனில் வருகிறதா, கரும்பலகையில் வருகிறதா என்பது கடைசிக் கேள்வி. புரோகிராம் ஓடாமல் நிற்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், தேர்வை யார் கண்காணிப்பார்கள், 'ஆப்சென்ட்' என்று வந்தால் எந்த வாசலில் போய் நிற்பாய் என்பவைதான் முதல் மூன்று கேள்விகள். உனக்குப் பதினேழு வயது. நல்ல லேப் உள்ள கல்லூரி பஸ் தூரத்தில் இருந்தால் அங்கே சேர். தெம்பு இருந்தால் ஆன்லைன் பட்டத்தையும் கூடவே படி. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் அனுமதி இருக்கிறது. வீட்டுப் பாரம் சுமந்துகொண்டு வேலைக்கும் போகிறவள் என்றால் எதிர்ப்பேச்சே இல்லாமல் ஆன்லைனைச் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வழிதான் சோறு போட்டது.

ஆன்லைனிலோ தொலைநிலையிலோ எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் மானியக் குழுவின் இணையதளத்தில் உள்ள தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் படிப்பும், அந்த வருடமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடு.