ஆளில்லாத் தீவு என்று எழுதியது யார்?

எங்க ஊர் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைப் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஓலையில் பெயர் ஏற கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கணும் என்கிறது கி.பி. 921 கல்வெட்டு. (வேதமும் பாஷ்யமும் கற்றவனுக்கு மட்டும் அரைக்கால் வேலி போதுமாம்.) அந்த நிலத்துச் சேற்றில் இறங்கி நட்டவங்க பேர் ஓலையில் ஏறாது. அதனால் அவங்க ஊரில் இல்லைன்னு ஆயிடுமா?

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றிப் படிக்கும்போது இந்தக் கல்தான் ஞாபகம் வருது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். ஏட்டில் எல்லாமே ஆளில்லாத் தீவு. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பிருந்தே கரையோரக் கிராமத்துப் பெண்கள் அங்கே பாசி எடுத்து வந்தார்கள். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பறிப்பாங்க. அகர் காய்ச்சும் கம்பெனிகள் வாங்கும். பூங்கா வந்தபின் அதே பெண்கள் அத்துமீறியவர்கள். மாசத்தில் 12 நாள்தான் பறிப்போம் என்று அவங்களே கட்டுப்பாடு வைத்த பிறகும் தடை தீரவில்லை.

பவளப்பாறையைப் பெயர்த்த கதை வேறே. வெட்டியது கூலிக்காரன், வாங்கியது சுண்ணாம்புச் சூளையும் கார்பைடு ஆலையும். பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது 2001-ல்தான். விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போயின. 21 என்று இன்னும் எண்ணுகிறார்கள். தண்ணீருக்கு மேலே 19.

பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளைக் காத்ததற்காக.