ஈறு நோயும் இந்துமாக் கடலும்

வாய்நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பற்களோடு நின்றுவிடுகிறது. அப்பற்களைத் தாங்கும் ஈறுகளின் உறுதி நாம் உண்ணும் உணவையும் பொறுத்தது என்பதை மனித குலம் பெருவிலை கொடுத்தே கற்றது. அப்பாடத்தின் ஒரு பகுதி முஸ்லிம் துறைமுகங்களில் நிகழ்ந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

1498 ஏப்ரலில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் நோயாளிகளோடு மொம்பாசாவை அடைந்தன. அந்நகர சுல்தான் ஆட்டையும், ஆரஞ்சு, எலுமிச்சை, கரும்பு ஆகியவற்றையும் அனுப்பிவைத்தார். நோயாளிகள் நலம் பெற்றனர். உடன்சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்போ, ஊரின் நல்ல காற்றே அதற்குக் காரணம் என்றது!

திரும்பும் பயணத்தில்தான் பேரிடர் நேர்ந்தது. வரும்போது பருவக்காற்றின் துணையோடு ஒரு மாதத்திற்குள் கடந்த அரபிக் கடலை, காற்று ஒத்துழையாமையால் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. மாலுமிகளின் ஈறுகள் வீங்கிப் பற்களை மூடின. உணவை மெல்லவும் இயலவில்லை. அக்கடற்பரப்பில் மட்டும் முப்பது பேர் மாண்டனர். 1499 ஜனவரி 7இல் மாலிந்தியை அடைந்தபோது நோயாளிகள் ஏங்கிக் கேட்டவை ஆரஞ்சுப் பழங்களே. அவை கிடைத்தும், பலர் அங்கேயே இறந்தனர். ஆள் பற்றாக்குறையால் ஒரு கப்பலை எரித்துவிட்டே எஞ்சியோர் நாடு திரும்பினர். பழங்கள் அனுப்பிய மொம்பாசாவை 1505இல் போர்த்துக்கீசர் சூறையாடியதும் வரலாறே.

இக்கடலோர மக்களின் உணவில் புளிப்புக் கனிகள் நெடுங்காலமாக இடம்பெற்றிருந்தன. 1331இல் மொகதிஷு சென்ற இப்னு பதூதா, சோற்றுடன் எலுமிச்சை ஊறுகாயும் பச்சை இஞ்சியும் மாங்காயும் பரிமாறப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். கள்ளிக்கோட்டையில் கண்ட சீனக் கப்பல்களில் கீரையும் இஞ்சியும் மரத்தொட்டிகளில் வளர்க்கப்பட்டதையும் அவர் குறிக்கிறார். நம் நாரத்தையோடு உறவுடைய சொல்லே பாரசீகத்தில் நாரங் எனவும், அரபியில் நாரஞ்ச் எனவும், ஸ்பானிய மொழியில் நாரங்ஹா எனவும் வழங்குகிறது. கனியும் பெயரும் மேற்கே சென்ற வழியில் முஸ்லிம் வணிகரும் உழவரும் நிற்கின்றனர்.

எனினும், ஊட்டச்சத்தின் இரகசியத்தை நம் முன்னோர் அன்றே கண்டறிந்தனர் எனப் பெருமை பேசுவது வரலாறாகாது. அவர்களிடம் இருந்தது உணவுப் பழக்கம். பருவக்காற்றறிந்து பயணத்தைச் சுருக்கும் கடலறிவு. கோட்பாடு பின்னரே வந்தது. 1747இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவர் 1753இல் நூலாக வெளியிட்ட பின்னரும், பிரிட்டிஷ் கடற்படை 1795இல்தான் எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முற்பட்டது. அக்கனிகளில் உள்ள வைட்டமின் சி இனங்காணப்பட்டது 1932இல். ஈறுகளைக் கட்டிக்காக்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதி பெற அச்சத்து தேவை. அது அற்றுப்போனால் ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும்.

இன்று ஈறு நோய்க்குப் பெரும்பாலும் பற்களில் படியும் அழுக்கே காரணம். ஆகவே துப்புரவு இன்றியமையாதது. ஆனால், அது மட்டும் போதாது என்பதற்கு மாலிந்தியில் மாண்டோரே சான்று. காரணம் அறியாமலே கைக்கொண்ட நல்ல பழக்கம் உயிர் காக்கக்கூடும். காரணத்தையும் ஆய்ந்தறிந்த சமூகமே அதைப் பிறருக்கும் வழங்க வல்லது. நம் முன்னோரின் உணவுமுறையை அத்தகைய ஆய்வுக்கு உட்படுத்துவதே நமக்குரிய பணியாகும்.