கண்ணீரும் பார்வைப் புலமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நாற்பதைத் தாண்டியவர்கள் "கண்ணுல பிரஷர் இருக்காம்" என்று சொல்ல நாம் அடிக்கடி கேட்கிறோம். கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய்தான் அது. பெரும்பாலும் வலியே தராமல் ஓரப் பார்வையை மெல்லத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது.

இந்நோயின் மருத்துவ வரலாற்றில் நம் பழைய தலைநகருக்கு ஓர் இடமுண்டு. 1819இல் சென்னையில் தொடங்கி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசுக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கண்ணில் சிறு துளையிட்டு அழுத்தத்தை வடியச் செய்யும் அறுவை முறையைக் கண்டார். அது உலகெங்கும் பரவிற்று. அப்போது சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்து ஊர்கள். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது.

பார்வை எவ்வளவு போயிற்று என்று அளப்பதும் பழைய கலையே. 1856இல் ஜெர்மனியின் கிரேஃபே பார்வைப் புலத்தை வரைந்து பார்த்தார். 1889இல் டென்மார்க்கின் பியெரும் தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கிக்கொண்டார். 1945இல் கோல்ட்மான் கிண்ணக் கருவி வந்தது. பிறகு வந்ததுதான் இன்றைய கம்ப்யூட்டர் 'ஃபீல்டு டெஸ்ட்'. தாடையை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்.

இங்கேதான் கண்ணீர் வருகிறது. ஒளி முதலில் கருவிழி மேலுள்ள கண்ணீர்ப் படலத்தைக் கடந்தே உள்ளே போகிறது. ஆண்டுக்கணக்கில் போடும் அழுத்தச் சொட்டு மருந்து பலவற்றில், கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அந்தப் படலத்தைக் குலைத்து, கண்ணை உலர வைக்கும். டெஸ்டின்போது இமைக்காமல் உற்றுப் பார்த்தால் இன்னும் காயும். மின்னிய ஒளி மங்கலாகிவிடும். நரம்பு கெடாத இடமும் கெட்டதுபோல் படத்தில் கறுக்கும்.

தட்டில் மண் ஒட்டியிருந்தால் தராசு நல்லதானாலும் எடை பொய்தானே! நோய் முற்றிவிட்டதென்று வேண்டாத மருந்தோ அறுவையோ நேரலாம்; மாறாக, "உலர்ச்சிதான்" என்று அசட்டையாயிருந்தால் உண்மையான இழப்பும் மறைந்துபோகலாம்.

ஆகவே எரிச்சல், உறுத்தல் இருந்தால் டெஸ்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்க. கண்ணீரளவு காணும் ஷிர்மர் காகிதச் சோதனை 1903 முதலே உண்டு. செயற்கைக் கண்ணீர்த் துளி கொடுத்து உலர்ச்சியை ஆற்றி, மறுபடி டெஸ்ட் எடுத்தால் படம் தெளிவதுண்டு. பென்சல்கோனியம் சேர்க்காத சொட்டு மருந்தும் கிடைக்கிறது. ஒத்துவருமா என்று கேளுங்க. கெட்டியான ஜெல் மட்டும் டெஸ்டுக்குச் சற்று முன் வேண்டாம், பார்வை மங்கும். டெஸ்டின்போது இமைக்கத் தடையில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க: எரிகிறதென்று அழுத்த மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீங்க. உலர்ச்சியை ஆற்ற வழியுண்டு; செத்த நரம்பை மீட்க இன்றுவரை வழியில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திருப்பதியிலேயே இருக்கிறது. எழும்பூருக்கு ரயிலேறிய காலம் போயிற்று. வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை கூட்டிப்போக இனி என்ன தயக்கம்?